யாரும் வாங்காத வெள்ளித் தட்டு

ரோவீனா ஹாக்கெட்டின் மூக்கு உடைந்த அன்றுதான் நாங்கள் கூட்டமைப்பின் பெண்கள் கூடைப்பந்து சாம்பியன் ஆனோம். உடைத்தவள் ஜானெல் ஓவர்பெக், செயின்ட் ஓடிலியா கல்லூரிக்காரி. உடம்பெல்லாம் சதை, முழங்கை மட்டும் இரும்பு. கூடைக்குக் கீழே இருவரும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். தரைக்கு வந்தபோது ரோவீனாவின் வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

எங்கள் கோச் மிஸ் டெட்மர் ஓடிவந்து, “போதும், வெளிய வா” என்றார்.

“பஞ்சு இருக்கா மிஸ்?” என்று கேட்டாள் ரோவீனா.

இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கியபடி மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். பந்தை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை, அதைக் கூடையில் சேர்ப்பது அவள் வேலை. மூன்று வருஷமாக எங்களுக்குள் இருந்த ஏற்பாடு அது. என் பெயர் மார்லீஸ் குன்ட்ஸ். கூடையில் பந்து போடுவதில் நான் சுமார் ரகம்கூட இல்லை.

கடைசி நிமிஷத்தில் ஜானெல் அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“மூச்சு விட முடியுதாடி?” என்றாள் ஜானெல்.

“உன்னத் தாண்டறதுக்கு மூச்சு எதுக்குடி?” என்று சொல்லிவிட்டு, தாண்டியே போனாள் ரோவீனா.

இது எழுபத்தெட்டாம் வருஷம். இண்டியானாவின் தென்கோடியில், நதியை ஒட்டிய எட்டுச் சிறிய கல்லூரிகள் சேர்ந்தது எங்கள் கூட்டமைப்பு. எங்கள் ஹார்ட்வெல் கல்லூரியும் அதில் ஒன்று. அந்த எட்டுக் கல்லூரிகளையும் சுற்றியிருந்த ஊர்களில் கில்கிறிஸ்ட் கோப்பை என்றால் தெரியாதவர் கிடையாது. முப்பத்தாறில் கில்கிறிஸ்ட் என்ற செங்கல் சூளை முதலாளி ஆரம்பித்துவைத்தது. வருஷத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று கோச்சுகள் ஓட்டுப் போடுவார்கள். மார்ச் கடைசியில் நதிக்கரை ஓட்டலில் பெரிய விருந்து வைத்து, எல்லோரும் எழுந்து கைதட்ட, முழங்கால் உயரக் கோப்பையைக் கையில் கொடுப்பார்கள். வென்றவனின் படம் அந்த ஓட்டல் ஹாலிலேயே சுவரில் ஏறும். அப்படி ஏறியவர்களில் ஒருவர் மேயர் ஆனார், இரண்டு பேர் பாங்கு மேனேஜர் ஆனார்கள். “இவரு ஐம்பத்திரண்டுல கில்கிறிஸ்ட் வாங்கினவரு” என்று அறிமுகம் செய்தால் போதும், ஒருவனுக்கு வேலையும் கிடைத்துவிடும், பெண்ணும் கிடைத்துவிடும்.

அந்தக் கோப்பைக்குச் சண்டையும் புதிதில்லை. ஒரு வருஷம் இரண்டு பேருக்குச் சம ஓட்டு விழுந்து, ஆளுக்கு ஆறு மாசம் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் தன் ஆறு மாசம் முடிந்தும் திருப்பித் தராததால் மற்றவனின் அண்ணன் ஜன்னல் வழியாக ஏறிப்போய் எடுத்துவந்தான். அறுபத்து மூன்றில் மில்பர்ன் கல்லூரியின் கறுப்பினப் பையன் ஒருவனுக்குக் கிடைத்தபோது மூன்று கோச்சுகள் விருந்துக்கே வரவில்லை. அவன் படத்தைச் சமையலறைக் கதவோரம் மாட்டினார்கள். அதை வரிசைக்குக் கொண்டுவர மில்பர்ன்காரர்கள் ஐந்து வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது.

பெண்கள் யாரும் அந்தச் சுவரில் இல்லை. எங்களை யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை. பையன்கள் புது ஜிம்மில் ஆடினார்கள். எங்களுக்குப் பழைய கட்டடத்தின் நிலவறை ஜிம். மைதானத்துக்கு நடுவிலேயே மாடியைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று நின்றது. எங்கள் சட்டைகளும் எங்களுடையவை அல்ல. வாலிபால் பெண்கள் போட்டுக் கழற்றியதைத் துவைத்து, முதுகில் நம்பரை டேப்பால் ஒட்டிக்கொள்வோம். வியர்த்தால் நம்பர் உரிந்து விழும்.

இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் ரோவீனா முகத்தில் கட்டோடு மிஸ் டெட்மரின் அறைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

“மிஸ், கில்கிறிஸ்ட்டுக்கு என் பேரக் குடுங்க.”

மிஸ் டெட்மர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், எதற்கும் பதறாதவர். அன்று பதறினார். “அது பசங்களுக்கு, ரோவீனா.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.”

“எனக்குத் தெரியாதே. வளையம் அதே ஒசரத்துல தான இருக்கு? பந்து அதே பந்துதான?”

அது உண்மை. பெண்களுக்கென்று சிறிய பந்து அப்போது வரவில்லை. பையன்கள் ஆடிய அதே பெரிய பந்தோடுதான் நாங்களும் மல்லுக்கட்டினோம்.

“இருக்கற ஜிம்மையும் புடுங்கிடுவாங்கடி,” என்றார் மிஸ் டெட்மர்.

“நடுவுல தூண் நிக்கற ஜிம்மு மிஸ். தாராளமாப் புடுங்கட்டும்.”

ரோவீனா சுண்ணாம்புக் கல் குவாரித் தொழிலாளியின் மகள். அவள் வீட்டில் யாரும் எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்கள். மிஸ் டெட்மர், “சரி, கேட்டுப் பாக்கறேன். உன் மூஞ்சில இருக்கற அந்தக் கட்டுக்காகக் கேக்கறேன்” என்றார்.

அந்த வாரமே கூட்டமைப்பின் கூட்டம் நடந்தது. நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சரியாகச் சாத்தவில்லை. கூட்டமைப்பின் செயலாளர் வெண்டல் ஸ்ப்ராக்கின் சிரிப்பு முதலில் கேட்டது. அவர் நாற்பத்தொன்றில் கில்கிறிஸ்ட் வாங்கியவர். அந்தக் கோப்பையைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர்.

“பிளான்ஷ், சாப்பாட்டு நேரத்துல தமாஷ் பண்ணாதீங்க,” என்றார் அவர், மிஸ் டெட்மரைப் பெயர் சொல்லி. மற்றவர்களும் சிரித்தார்கள்.

மிஸ் டெட்மரின் குரல் முதலில் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

“யுத்தம் நடந்தப்போ மூணு வருஷம் கோப்பைய யாருக்கும் குடுக்கல. ஆட்டக்காரர்களே இல்லைனு எழுதி வச்சீங்க. ஞாபகம் இருக்கா வெண்டல்? நீங்க எல்லாம் கப்பல் ஏறிப் போயிட்டீங்க. அந்த மூணு வருஷமும் ஹார்ட்வெல் ஜிம்முல தெனமும் ஆடிட்டு இருந்தது யாரு? நான் ஆடினேன். நாங்க ஒரு கூட்டமே ஆடினோம். கண்ணு முன்னாடி ஓடிட்டு இருக்கோம், ஆட்டக்காரர்களே இல்லையாம்!”

உள்ளே சிரிப்பு நின்றது. ரோவீனா என் கையைப் பிடித்து இறுக்கினாள். அவள் பிடித்தால் விரல் எலும்பு வலிக்கும்.

இரண்டு மணி நேரம் கழித்து மிஸ் டெட்மர் முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தார். கோப்பை இல்லை. ஆனால் இந்த வருஷம் முதல் பெண்களுக்குத் தனியாக ஒரு விருது. பெண்கள் அணிக் கோச்சுகள் ஓட்டுப் போடுவார்கள். நாங்கள் வழியில் காரை நிறுத்தி, தட்டைவிடப் பெரிய பன்றியிறைச்சி சான்ட்விச் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். மிஸ் டெட்மர் யுத்தகாலப் பாட்டு ஒன்றை ராகம் தப்பிப் பாடினார்.

ஓட்டில் ரோவீனா முதல், ஜானெல் இரண்டாவது. யாருக்கும் ஆச்சரியமில்லை.

பிறகு அழைப்பிதழ் வந்தது. பெண்கள் விருது சாயங்காலம் நாலு மணிக்கு, ஓட்டலின் சின்ன அறையில், தேநீரோடு வழங்கப்படும். அதன் பிறகு, ஏழு மணிக்குப் பெரிய ஹாலில் நடக்கும் கில்கிறிஸ்ட் விருந்தில் ‘பை’ என்ற பழப் பணியாரத்தைப் பரிமாற உதவுவதற்கு எல்லா அணிப் பெண்களும் தங்கியிருந்தால் கூட்டமைப்பு மகிழ்ச்சியடையும்.

ரோவீனா இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“போறோமா?” என்று கேட்டேன்.

“போறோம். நல்ல டிரஸ்ஸாப் போட்டுக்க.”

அந்தச் சின்ன அறையின் சுவரெங்கும் ரோஜாப்பூக் காகிதம் ஒட்டியிருந்தது. விரலளவு வெள்ளரிக்காய் சான்ட்விச்சுகள். எட்டு அணிப் பெண்களும் முழங்காலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூலையில் ஒரு நாற்காலியில் சரிகை வைத்த ஏப்ரன்கள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. திறந்திருந்த கதவு வழியாகப் பெரிய ஹால் தெரிந்தது. மேடையில் கில்கிறிஸ்ட் கோப்பையை ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்ப்ராக் எங்களுக்கான விருதைக் கொண்டுவந்தார். மிட்டாய் வைக்கிற தட்டு. வெள்ளி முலாம், ஓரத்தில் இலைக் கொடி. கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் எந்தப் பெண்ணும் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுகிற மாதிரி ஒன்று.

“நம்ம பெண்களோட முதல் விருது, மிஸ் ரோவீனா ஹாக்கெட்டுக்கு,” என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். ரோவீனா எழுந்து போனாள். மூக்கைச் சுற்றி இன்னும் ஊதா நிறம் போகவில்லை. தட்டை வாங்கக் கை நீட்டவில்லை.

“நன்றி சார். அந்தக் கோப்பைய எங்க குடுப்பீங்க?”

“எந்தக் கோப்பையம்மா?”

“அங்க மேடைல தொடைக்கறாங்களே, அது.”

“அது ராத்திரி விருந்துல.”

“அப்ப இதையும் அங்கயே குடுங்க. நான் அங்க வந்து வாங்கிக்கறேன்.”

ஸ்ப்ராக் சிரித்தார். “அது ஆம்பளைங்க விருந்தும்மா.”

“பை தூக்கிட்டு நாங்க உள்ள வரலாம். கோப்பை வாங்க வரக்கூடாதா?”

யாரோ ஒருத்தி தும்மலை அடக்குவது போலச் சிரிப்பை அடக்கினாள். ஸ்ப்ராக்கின் கழுத்து சிவந்தது. “இது உனக்குப் பண்ற மரியாதை. வேணாம்னா வேணாம்.”

“மரியாதைய ஏன் சார் பக்கத்து ரூம்ல ஒளிச்சு வச்சுப் பண்றீங்க? வேணாம்,” என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு ரோவீனா வெளியே போய்விட்டாள்.

தட்டு ஸ்ப்ராக்கின் கையிலேயே இருந்தது. அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்து, ஜானெலிடம் வந்தார். “இரண்டாவது அதிக ஓட்டு உனக்குத்தாம்மா. வா.”

ரோவீனாவுக்கும் ஜானெலுக்கும் நடுவில் மூன்று வருஷப் பகை. ஜானெல் வாங்கிக்கொள்வாள், பல்லைக் காட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வாள் என்றுதான் அந்த அறையில் எல்லோரும் நினைத்தோம்.

ஜானெல் எழுந்தாள். தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், அவ மூக்க ஒடச்சவ நான். ஒடச்சும் அவள நிறுத்த முடியல. அவ வேணாம்னு வச்சிட்டுப் போனத நான் எடுத்துட்டுப் போனா எங்க ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?” தட்டைச் சான்ட்விச்சுகளின் மேலேயே வைத்தாள். “அப்புறம், எங்க வீட்லயே நான் பை தூக்கறதில்ல.”

அவள் போனதும் ஓடிலியா அணி எழுந்தது. பிறகு நாங்கள். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும்தான். ஏப்ரன்கள் மடித்தது மடித்தபடி கிடந்தன. அன்று விருந்தில் கோச்சுகள் தாங்களே எழுந்து போய் பையை வெட்டிச் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். பாதிப் பேர் சட்டையில் கொட்டிக்கொண்டார்களாம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ரோவீனா காரின் மேல் சாய்ந்து நின்றாள். ஜானெல் நேராக அவளிடம் போனாள்.

“மூக்கு எப்படி இருக்கு?”

“உன் மூஞ்சிக்குத் தேவலாம்.”

“நானும் வேணாம்னுட்டேன்.”

ரோவீனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன்?”

“உனக்காக இல்ல. ரொம்ப நெனச்சுக்காத.”

விஷயம் அதோடு முடியவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில், பெண்கள் விருதை வாங்க ஆள் இல்லை என்று கேலியாக நாலு வரி வந்தது. கல்லூரித் தலைவர் மிஸ் டெட்மரைக் கூப்பிட்டு, ரோவீனா மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த வருஷம் பெண்கள் அணியே இருக்காது என்றார். “மூணு வருஷமா தூணோட ஆடின பொண்ணு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும், தூண்கிட்டயா?” என்று கேட்டுவிட்டு வந்தார் மிஸ் டெட்மர். இதே பெண்மணிதான் போன மாசம் ஜிம்மைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தவர்.

ஸ்ப்ராக்கும் சளைக்கவில்லை. எட்டுக் கல்லூரியில் இந்தத் தட்டை வாங்க ஒரு நல்ல பெண் இல்லாமலா போய்விடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அதைத் தன் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஓட்டில் மூன்றாவதாக வந்தவள் மில்பர்னின் ட்வைலா பீஸ்லி. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறார் என்று செய்தி வந்ததும் ஜானெல் தன் அப்பாவின் பிக்கப் வண்டியோடு எங்கள் விடுதி வாசலில் வந்து நின்றாள். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் நான்.

“முழங்கைய உள்ள வச்சுக்க,” என்றாள் ரோவீனா.

“வண்டி ஓட்ட முழங்கை வேணும்டி.”

“அதான் பயமா இருக்கு.”

ட்வைலாவின் அப்பா போதகர். ஆராதனை முடிந்து, சர்ச்சின் அடித்தளத்தில் எல்லோரும் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்ட சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. ட்வைலா முழங்கைவரை சோப்பு நுரையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கழுவுவதை நிறுத்தவில்லை.

“அவரு வந்துட்டுப் போயாச்சு. நாளைக்குப் பதில் சொல்றேன்னேன்,” என்றாள். “இப்ப நீங்க வந்திருக்கீங்க. நான் என்ன பண்ணணும்னு சொல்றதுக்குத்தான?”

ஜானெல் வாயைத் திறந்தாள். ட்வைலா விடவில்லை.

“எங்க காலேஜு இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. ஒண்ணுகூட! உங்க ரெண்டு பேர் வீட்லயும் கப்பு வைக்க அலமாரி பத்தாது. எங்க வீட்ல நான் ஜெயிச்சதுன்னு ஒரு ரிப்பன்கூடக் கெடையாது. எங்க அப்பா காலைல பிரசங்கத்துலயே என் பேரச் சொல்லிட்டாரு. வேணாம்னு சொல்றது உங்களுக்கு ஈசி. இருக்கறவங்களுக்கு எல்லாமே ஈசி.”

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ரோவீனா ஒரு துணியை எடுத்து, கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். ஜானெலும் ஒன்றை எடுத்தாள். நாலு பேருமாக எல்லாப் பாத்திரத்தையும் முடித்தோம்.

கடைசியில் ரோவீனா சொன்னாள். “நீ சொல்றது சரி. நான் அத யோசிக்கல. நீ வாங்கிக்கோ. உன்னப் பத்தி நான் ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டேன். இவளும் பேச மாட்டா.”

“நான் ஏன் பேச மாட்டேன்?” என்றாள் ஜானெல். ரோவீனா அவள் காலை மிதித்தாள். “சரி, பேச மாட்டேன்.”

பிக்கப்பில் ஊர் திரும்பினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆத்திரம் இருந்தது, ஆனால் அதை ட்வைலாமேல் காட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் விடுதிக்குப் போன் வந்தது. ட்வைலா.

“அவருகிட்ட சொன்னேன், வாங்கிக்கறேன்னு. ஆனா எங்க அப்பா, அம்மா, தம்பிங்க எல்லாரும் பாக்கணும், பெரிய ஹால்ல, ராத்திரி விருந்துல குடுத்தா வாங்கிக்கறேன்னேன். விருந்து முடிஞ்சுபோச்சேன்னாரு. அடுத்த வருஷமும் விருந்து வரும், வெயிட் பண்றேன்னேன்.” போனில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. “எங்க அப்பா அதுலேந்து என்கூடப் பேசல. ரோவீனாகிட்ட சொல்லு. அவ சொன்னதுக்காக இல்ல, நானா சொன்னது.”

அதற்குப் பிறகு ஸ்ப்ராக் கீழே கீழே இறங்கினார். ஒருத்தி காய்ச்சல் என்று கதவைத் திறக்கவில்லை. ஒருத்தியின் அம்மா வாசலிலேயே நின்று, “எம் பொண்ணு மிட்டாய் சாப்பிட மாட்டா” என்று அனுப்பிவிட்டாராம். ஏப்ரல் பாதியில், ஒரு சாயங்காலம், நான் நிலவறை ஜிம்மில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். கையில் தொப்பி, அக்குளில் பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலம்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் என்னிடம் வந்திருந்தார். என்னிடம்!

அவர் தூணைப் பார்த்தார். “இது எப்பவும் இங்கதான் இருக்கா?”

“இல்ல சார். ஆட வந்துது. எங்கள விட நல்லா ஆடும்.”

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். களைத்திருந்தார். நல்ல மனுஷர்தான் என்று அப்போது தோன்றியது. அது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

“மார்லீஸ், நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு. உன்னோட கோச்சுக்கும் கெட்ட பேரு வேணாம். அணியும் நெலைக்கணும். நீ இத வாங்கிக்கிட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம். உங்க அம்மா சந்தோஷப்பட மாட்டாங்களா?”

அம்மா சந்தோஷப்படுவாள். டெலிவிஷன் பெட்டிமேல் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் வேறு யாரும் என்னைச் சிறந்தவள் என்று சொல்லப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

“சார், நான் ஒரு ஆட்டத்துல எத்தன பாயின்ட் போடுவேன்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “பத்து இருக்குமா?”

“ரெண்டு. நல்ல நாள்ல நாலு. எங்க ஆட்டம் ஒண்ணாவது பாத்திருக்கீங்களா சார்?”

அவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இல்ல.”

“உங்களுக்குக் கோப்பை குடுத்தப்போ, குடுத்தவரு நீங்க ஆடினதப் பாத்தவருதான?”

“ஒரு ஆட்டம் விடாமப் பாத்தவரு,” என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். “அன்னிக்கு அதக் கட்டில்ல பக்கத்துல வச்சுட்டுத் தூங்கினேன்.”

“அப்ப அது என்னன்னு உங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சுகிட்டே அத ரோவீனாகிட்டேந்து எடுத்து என் கைல திணிக்கறீங்க. நான் இத வாங்கினா, அவளுக்குப் பாஸ் குடுக்கக்கூட லாயக்கு இல்லாதவ ஆயிடுவேன். எடுத்துட்டுப் போங்க.”

என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தூணைச் சுற்றி நடந்து போனார். அதற்குப் பிறகு அந்தத் தட்டை யாரிடமும் கொண்டு போகவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எட்டுப் பெண்கள் அணிக் கோச்சுகளும் ஒன்றாகக் கூட்டத்துக்குப் போனார்கள். ஒரே விருந்து, ஒரே மேடை, ஒரே உயரக் கோப்பை. இல்லாவிட்டால் எட்டு அணிகளும் கூட்டமைப்பை விட்டு வெளியேறும் என்றார் மிஸ் டெட்மர். படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம இடம் தரவேண்டும் என்ற அரசாங்கத்தின் புதுச் சட்டம் வேறு கல்லூரிகளின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ப்ராக் எதிர்த்துப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் பேசவில்லை. ஆதரித்தும் பேசவில்லை. ஓட்டெடுப்பில் மட்டும் கையைத் தூக்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் தூக்கினார் என்று மிஸ் டெட்மர் பிறகு நடித்துக் காட்டினார்.

எழுபத்தொன்பது மார்ச்சில், ஏழு மணி விருந்தில், பெரிய ஹாலில், பெண்களுக்கான முதல் கோப்பையை ஜானெல் ஓவர்பெக் வாங்கினாள். ட்வைலா தன் குடும்பத்தோடு வந்திருந்தாள். அவளுக்கு இரண்டாம் இடம். அவள் பெயரைச் சொன்னதும் போதகர் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டினார். ரோவீனா படிப்பு முடித்து, அப்பா வேலை செய்த குவாரியிலேயே கிரேன் ஓட்டச் சேர்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்ததால் தலையெல்லாம் கல் தூசி. கடைசி மேசையில் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜானெல் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“போன வருஷம் இங்க ஒருத்தி வந்திருக்கணும். இப்ப வந்திருக்கா. எந்திரிடி ரோவீனா, எல்லாரும் பாக்கட்டும். நான் எதுத்து ஆடினவங்கள்லயே இவதான் நல்ல ஆட்டக்காரி. மூக்கு விஷயத்துல மட்டும் தப்பு அவளோடது. என் முழங்கை இருந்த எடத்துக்கு அதுதான் வந்துது.”

ரோவீனா எழுந்து நின்றாள். ஹாலில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் தங்கள் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் அந்த மீதிப் பேரைத்தான், ஒவ்வொருவராக, நிதானமாகப் பார்த்தாள். அவர்கள் நிமிரும்வரை உட்காரவில்லை.

பதினைந்து வருஷம் போன பிறகு, கூட்டமைப்பின் புதிய செயலாளர், ஓர் இளம்பெண், ரோவீனாவைத் தேடி ஜானெல் வீட்டுக்குப் போன் செய்தாள். எழுபத்தெட்டாம் வருஷத்து விருதை அவள் பெயருக்கு எழுதிவிட முடிவு செய்திருக்கிறார்களாம். விருந்துக்கு வந்து கோப்பையை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அன்று நாங்கள் மூன்று பேரும் அங்கே கொல்லையில் சோளம் வாட்டிக்கொண்டிருந்தோம்.

“வேணாம்மா,” என்றாள் ரோவீனா போனில். “நீ நல்ல பொண்ணு, உன்மேல கோபம் இல்ல. ஆனா என் பேர எழுதினா, நீங்க குடுத்தீங்கன்னு ஆயிடும். நீங்க குடுக்கல. நாங்க யாரும் வாங்கல. அப்படியே இருக்கட்டும்.”

போனை வைத்ததும் ஜானெல் கத்தினாள். “லூசாடி நீ? கோப்பை குடுக்கறேங்கறாங்க!”

“உனக்கு வேணும்னா நீ போய் வாங்கிக்கோ.”

“எனக்கு எதுக்கு? எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே.”

“தெரியும். அதுலதான வெங்காயம் போட்டு வச்சிருக்க,” என்று சொல்லிக்கொண்டே ரோவீனா அடுப்பிலிருந்து பெரிய சோளத்தை ஜானெலுக்கு முந்தி எடுத்துக்கொண்டாள்.